ஒருமுறை விலையா, சந்தாவா? தனியாக மென்பொருள் விற்பவருக்கான கணக்கு

மென்பொருளை எழுதி முடித்தாயிற்று. நாலு பேர் சோதித்துப் பார்த்து நன்றாக இருக்கிறது என்றும் சொல்லிவிட்டார்கள். விலைப் பக்கத்தை எழுத உட்காரும்போதுதான் கை நின்றுவிடுகிறது. ஒரே தடவை காசு வாங்கிக்கொண்டு கொடுத்துவிடுவதா, மாதாமாதம் வாங்குவதா? தனியாகவோ இரண்டு மூன்று பேராகவோ மென்பொருள் செய்து விற்பவர்கள் பலரும் வந்து மாட்டிக்கொள்ளும் இடம் இது. சந்தா இல்லாமல் பிழைக்கவே முடியாது என்று ஒருவர் சொல்வார். சந்தா என்றாலே ஆட்கள் ஓடிவிடுவார்கள் என்று அடுத்தவர் சொல்வார். இரண்டுக்கும் உதாரணம் காட்டலாம் என்பதால் கேட்கக் கேட்கக் குழப்பம்தான் கூடும்.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். விலைமுறை எதுவானாலும் அது வாங்குபவருக்கு நீங்கள் கொடுக்கும் வாக்கு. ஒருமுறை விலை என்றால், இந்தப் பொருள் இப்படியே உங்களுடையது என்கிறீர்கள். சந்தா என்றால், நான் தொடர்ந்து இதன்மேல் வேலை செய்வேன், ஓடவைத்துக்கொண்டே இருப்பேன் என்கிறீர்கள். இதில் எதை ஐந்து வருடம் காப்பாற்ற முடியும் என்று பார்த்துத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். சர்வர் செலவு இல்லாத மென்பொருள் என்றால், பெரும்பாலும் இவை இரண்டையும் விட்டு மூன்றாவதாக ஒரு நடுவழியைத்தான் நான் சொல்வேன்: மென்பொருள் வாங்கியவருடையது, அப்டேட் ஒரு வருடத்துக்கு. ஏன் என்பது கீழே வருகிறது.

## எதை வைத்து எடைபோடுவது

செலவு தொடர்கிறதா? வாங்கியவரின் கணினியிலேயே ஓடும் மென்பொருள் என்றால், அவர் ஒரு நாள் பயன்படுத்தினாலும் பத்து வருடம் பயன்படுத்தினாலும் உங்கள் செலவில் பெரிய வித்தியாசம் இல்லை. கோப்புகளை ஒத்திசைப்பது, படங்களைச் சேமித்து வைப்பது, வானிலைத் தரவு, ஏஐ பதில்கள் என்று எதையாவது உங்கள் சர்வர் வழியாகக் கொடுத்தால் கதை வேறு. அங்கே ஒவ்வொரு பயனரும் ஒவ்வொரு மாதமும் உங்கள் பில்லில் ஏறுகிறார்.

முடியக்கூடிய பொருளா? கோப்புகளின் பெயரை மொத்தமாக மாற்றும் கருவி ஒரு கட்டத்தில் முடிந்துவிடும். கடவுச்சொல் நிர்வாகியும், வரி விதிகளைப் பின்தொடரும் கணக்கு மென்பொருளும் என்றைக்கும் முடியாது. நீங்கள் நிறுத்தினாலும் உலகம் நகர்ந்துகொண்டே இருக்கும்.

எவ்வளவு அடிக்கடி திறப்பார்கள்? தினமும் திறக்கும் கருவிக்கு மாதக் கட்டணம் உறுத்தாது. வருடத்துக்கு இரண்டு தடவை தேவைப்படும் கருவிக்கு மாதக் கட்டணம் போட்டால், ஒரு மாதம் கட்டி வேலையை முடித்துக்கொண்டு விலகிவிடுவார்கள். அவர்கள்மேல் தப்பும் இல்லை.

முதல் இரண்டு வருடம் தாங்குமா? சந்தாவில் பணம் சொட்டுச் சொட்டாகத்தான் சேரும். வேறு வேலையோ சேமிப்போ இருக்கிறதா என்பது விலைமுறையைத் தீர்மானிக்கும் பெரிய காரணம். விலை பற்றிய பேச்சில் இதை யாரும் கேட்பதில்லை.

எங்கே விற்கிறீர்கள்? சொந்த இணையதளத்தில் எந்த விதியையும் நீங்களே வகுக்கலாம். ஆப் ஸ்டோரில் அவர்கள் திறந்துவிட்ட கதவு வழியாகத்தான் போக வேண்டும்.

நாளை நீங்கள் நிறுத்தினால்? கேட்கப் பிடிக்காத கேள்விதான். ஆனால் தனியாள் கடைக்கு இது நிஜமான கேள்வி.

## ஒருமுறை விலை

இதன் பலம் வாங்குபவரின் மனதில் இருக்கிறது. ஒரே தடவை யோசித்தால் போதும், அதற்குப் பிறகு அவருக்கும் உங்களுக்கும் இடையே பாக்கி இல்லை. பணமும் முதல் நாளே கைக்கு வருகிறது. கணக்கு உருவாக்கு, உள்நுழை, கார்டைப் புதுப்பி என்ற தொல்லை எதுவும் கிடையாது.

ஐபேடில் வரைபவர்களிடம் புகழ்பெற்ற புரோகிரியேட் பல வருடங்களாக இந்த வழியில்தான் விற்கிறது. வேலைகளைக் குறித்துவைக்கும் திங்ஸ் செயலியும் அப்படித்தான். அவர்களால் முடிகிறதே, நம்மால் ஏன் முடியாது என்று தோன்றும். அவர்களுக்கு வாய்த்த ஒன்றைக் கவனியுங்கள். ஒவ்வொரு வருடமும் புதிதாக ஐபேடும் ஐஃபோனும் வாங்குபவர்கள் வந்துகொண்டே இருக்கிறார்கள். ஒருமுறை விலைக்கு உயிர் அதுதான். புதிய வாடிக்கையாளர் ஊற்று வற்றாத சந்தையில் இந்த முறை நன்றாக ஓடும். உலகத்திலேயே ஐயாயிரம் பேருக்கு மட்டும் தேவைப்படும் கருவியை விற்கிறீர்கள் என்றால், நாலாயிரம் பேர் வாங்கி முடித்த பிறகு என்ன செய்வது?

இனி மறைந்திருக்கும் செலவுகள். முதலாவது, இயங்குதளம் நகரும்போது வரும் கூலியில்லாத வேலை. 2017இல் ஐஓஎஸ் 11 வந்தபோது 32 பிட் செயலிகள் ஓடாமல் போயின. 2019இல் மேக்ஓஎஸ் கேட்டலினா மேக்கிலும் அதையே செய்தது. 2020 இறுதியில் ஆப்பிள் தன் சொந்த சிப்புக்கு மாறியது. ஆண்ட்ராய்டில், புதிய வெர்ஷனுக்கு ஏற்ற ஏபிஐ நிலைக்குச் செயலியை உயர்த்தும்படி கூகுள் பிளே வருடாவருடம் கெடு வைக்கிறது. இதற்கெல்லாம் வேலை செய்தது டெவலப்பர். அதற்கான பணத்தை வாடிக்கையாளர் எப்போதோ கொடுத்துவிட்டார்.

அடுத்தது சப்போர்ட். 40 டாலர் விலையில் 15 சதவீதம் ஸ்டோருக்குப் போனால் கையில் நிற்பது 34. உங்கள் ஒரு மணி நேரத்தின் மதிப்பு 30 டாலர் என்று வையுங்கள். ஒரே வாடிக்கையாளர் மூன்று வருடத்தில் மூன்று மின்னஞ்சல் அனுப்பி, ஒவ்வொன்றுக்கும் இருபது நிமிடம் போனால் அந்த விற்பனையில் மிஞ்சுவது 4 டாலர்.

மூன்றாவது, அடுத்த பெரிய வெர்ஷனுக்குப் பணம் கேட்கும் சங்கடம். சொந்தத் தளத்தில் பழைய வாடிக்கையாளருக்குக் குறைந்த விலையில் அப்கிரேடு கொடுக்கலாம். ஆப்பிளின் ஆப் ஸ்டோரில் அப்கிரேடு விலை என்ற வசதியே இல்லை. புதிய வெர்ஷனைத் தனிச் செயலியாக வெளியிட்டு, பழையவரையும் புதியவரையும் ஒரே விலைக்கு வாங்கச் சொல்ல வேண்டியதுதான். 2022 நவம்பரில் அஃபினிட்டி என்ற வடிவமைப்பு மென்பொருளின் இரண்டாம் வெர்ஷன் வெளிவந்தபோது, அறிமுகத் தள்ளுபடி எல்லோருக்கும் ஒன்றாகவே இருந்தது. முதல் வெர்ஷனை வாங்கியிருந்தவர்களுக்குத் தனி விலை இல்லை என்று முணுமுணுப்பு எழுந்தது. சந்தாவே வேண்டாம் என்று நின்ற நிறுவனத்துக்கே அந்த நிலை.

இன்னொன்று, மெதுவாக வேலை செய்யும் விஷம். பெரிய வெர்ஷனுக்கு ஆள் சேர வேண்டும் என்பதால் நல்ல வசதிகளை இப்போதே கொடுக்காமல் பெட்டியில் பூட்டி வைக்கத் தோன்றும். பக் திருத்துவதைவிட, விளம்பரப் பட்டியலில் போடத்தக்க வசதி சேர்ப்பது முக்கியமாகிவிடும்.

முடிந்துவிட்ட பொருள், சர்வர் இல்லை, எப்போதாவது பயன்படும், சந்தை பெரியது: இந்த நான்கில் மூன்று பொருந்தினால் ஒருமுறை விலையைத் தயங்காமல் வைக்கலாம்.

## சந்தா

சந்தாவின் மேல் எல்லோருக்கும் ஆசை வருவதற்குக் காரணம் அடோபி. 2013 மே மாதம், போட்டோஷாப் முதலியவை அடங்கிய கிரியேட்டிவ் சூட்டை நிறுத்திவிட்டு இனி சந்தா மட்டும் என்று அறிவித்தார்கள். பின்னாளில் வருமானம் எங்கேயோ உயரத்துக்குப் போய்விட்டது. ஆனால் அந்தக் கதையின் நடுப்பகுதியை யாரும் சொல்வதில்லை. 2012 நிதியாண்டில் சுமார் 440 கோடி டாலராக இருந்த வருமானம் 2013இல் 405 கோடிக்கு இறங்கியது. 2014இல் 415 கோடி. பழைய உயரத்தைத் தாண்டியது 2015இல்தான். அத்தனை பெரிய நிறுவனமே ஒரு பள்ளத்தில் இறங்கித்தான் ஏறியது.

உங்கள் பள்ளம் எவ்வளவு ஆழம் என்று கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். ஒருமுறை விலை 40 டாலர், சந்தா மாதம் 3 டாலர். எந்த வழியானாலும் மாதம் 50 புதியவர்கள் வருகிறார்கள். சந்தாதாரர்களில் மாதத்துக்கு 5 சதவீதம் பேர் விலகுகிறார்கள். ஸ்டோர் கமிஷனை இரண்டு பக்கமும் விட்டுவிடுவோம்.

| மாதம் | சந்தாதாரர்கள் | சந்தாவில் அந்த மாத வரவு | சந்தாவில் மொத்த வரவு | ஒருமுறை விலையில் மொத்த வரவு |
|---|---|---|---|---|
| 12 | 460 | 1,380 | 9,800 | 24,000 |
| 24 | 708 | 2,120 | 31,600 | 48,000 |
| 36 | 842 | 2,530 | 60,000 | 72,000 |
| 54 | 937 | 2,810 | 1,08,600 | 1,08,000 |

(தொகைகள் டாலரில், தோராயமாக.)

சந்தாவின் மாத வரவு, ஒருமுறை விலையில் மாதாமாதம் வரும் 2,000 டாலரை (50 பேர், ஆளுக்கு 40) 22ஆம் மாதத்தில் தாண்டிவிடுகிறது. ஆனால் மொத்தமாகக் கைக்கு வந்த பணம் சமமாவதற்கு 54 மாதம் ஆகிறது. நாலரை வருடம்! இரண்டாம் வருட முடிவில் நீங்கள் 16,000 டாலருக்கு மேல் பின்தங்கி நிற்கிறீர்கள். அந்த இடைவெளியை எதைக்கொண்டு நிரப்புவது என்பதற்குப் பதில் இல்லாமல் சந்தாவில் இறங்கக்கூடாது.

இதில் எல்லாவற்றையும் ஆட்டிவைப்பது விலகல் விகிதம். அது 3 சதவீதமாக இருந்தால் 36ஆம் மாதத்திலேயே சமமாகிவிடும். 8 சதவீதமானால் சந்தாதாரர் எண்ணிக்கை 625க்கு மேல் ஏறவே ஏறாது. மாத வரவு 1,875இல் முட்டி நின்றுவிடும். ஒருமுறை விலையை என்றைக்கும் எட்டாது. புதிதாக வருபவர்களை விலகல் விகிதத்தால் வகுத்தால் வருவதுதான் உங்கள் கூரை. ஐம்பதை 0.08ஆல் வகுத்தால் 625. இந்த ஒரு வகுத்தலைச் செய்துபார்க்காமல் எந்த விலைப் பக்கத்தையும் வெளியிடாதீர்கள்.

சந்தாவுக்கு நியாயம் செய்ய வேண்டுமானால் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். 40 டாலர் கொடுக்கத் தயங்குபவர் 3 டாலருக்கு உள்ளே வந்து பார்ப்பார். மாதம் 50 பேருக்குப் பதில் 80 பேர் வந்தால், அதே 5 சதவீத விலகலில் 23 மாதத்தில் கணக்கு சமமாகிவிடுகிறது. அப்புறம் இன்னொரு பெரிய வித்தியாசம். போட்டியாளர் வந்தோ, தேடுபொறி உங்களைப் பின்னுக்குத் தள்ளியோ புதியவர்கள் வருவது சட்டென்று நின்றுவிட்டது என்று வையுங்கள். ஒருமுறை விலையில் அடுத்த மாதம் வரவு பூஜ்யம். சந்தாவில் ஒரு வருடம் கழித்தும் பாதிக்குச் சற்று மேலாக வந்துகொண்டிருக்கும். யோசிக்கவும் திருத்தவும் ஒரு வருட அவகாசம். சந்தாவில் நான் மதிப்பது வருமானத்தைவிட இந்த அவகாசத்தைத்தான்.

மறைந்திருக்கும் செலவுகள் இங்கேயும் உண்டு. சிறு தொகையைத் திரும்பத் திரும்ப வாங்கினால் கட்டணம் தின்றுவிடும். இணையத்தில் கார்டுப் பணத்தை வாங்கித்தரும் ஸ்ட்ரைப்பின் அமெரிக்கக் கார்டுக் கட்டணம் 2.9 சதவீதமும் 30 சென்ட்டும். மாதம் 2 டாலர் வாங்கினால் ஒவ்வொரு தடவையும் ஏறக்குறைய 36 சென்ட் போய்விடும். அது 18 சதவீதம். அதையே வருடத்துக்கு 24 டாலராக ஒரே தடவை வாங்கினால் போவது ஒரு டாலர், சுமார் 4 சதவீதம். விற்பனை வரியையும் சேர்த்துக் கவனித்துக்கொள்ளும் பேடில் போன்ற இடங்களில் ஒரு பரிவர்த்தனைக்கு 5 சதவீதமும் 50 சென்ட்டும். குறைந்த மாத விலைக்கு அது இன்னும் வலிக்கும். ஆகவே விலை சிறியதானால் வருடச் சந்தாவை முன்னால் வையுங்கள்.

விலக நினைக்காதவர்களும் விலகிவிடுவார்கள். கார்டு காலாவதியாகும், வங்கி மறுக்கும். ஆப் ஸ்டோரில் விற்றால் ஆப்பிள் 60 நாள் வரை மறுபடி மறுபடி முயன்று பார்க்கும். சொந்தத் தளத்தில் நினைவூட்டும் மின்னஞ்சல் எழுதுவது முதல் எல்லாம் உங்கள் வேலை. விலக நினைப்பவர்களுக்கும் வழி எளிதாக இருக்க வேண்டும். ஜெர்மனியில் 2022 ஜூலை முதல், இணையத்தில் சந்தா விற்பவர்கள் ரத்து செய்யும் பொத்தானைத் தெளிவாக வைத்தாக வேண்டும் என்பது சட்டம்.

பலரும் எண்ணிப் பார்க்காத செலவு ஒன்று இருக்கிறது: முன்கூட்டியே வாங்கிய வருடச் சந்தா முழுதாக உங்கள் பணம் ஆகாது. 2023 ஜனவரியில் ட்விட்டர், வெளிச் செயலிகள் தன் தரவைப் பெறும் வழியான ஏபிஐயை அடைத்தது. ட்விட்டரைப் படிக்க உதவிய ட்வீட்பாட், ட்விட்டரிஃபிக் செயலிகள் ஒரே இரவில் செத்துப்போயின. வருடச் சந்தா கட்டியவர்களுக்கு மீதி மாதங்களுக்கான பணம் திரும்பப் போக வேண்டும். அது டெவலப்பரின் கையிலிருந்து போகும். தயவுசெய்து ரீஃபண்டை வேண்டாம் என்று சொல்லுங்கள் என்று அவர்கள் பயனர்களிடம் கேட்டுக்கொள்ள வேண்டியதாயிற்று. அதே வருடம் ரெடிட் தன் ஏபிஐக்கு விலை வைத்தபோது, ரெடிட்டைப் படிக்க உதவிய அப்போலோ செயலி ஜூன் 30 அன்று மூடப்பட்டது. திருப்பித் தர வேண்டியது சுமார் இரண்டரை லட்சம் டாலர் என்று அதன் டெவலப்பர் சொன்னார். வேறொருவர் சேவையின்மேல் கட்டிய செயலி என்றால் வருடச் சந்தாப் பணத்தில் மிச்ச மாதங்களுக்கான பங்கைத் தனிக் கணக்கில் போட்டு வையுங்கள்.

ஸ்டோர் கமிஷனைப் பற்றி ஒரு பழைய வாதம் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது. 2016இல் ஆப்பிள், சந்தாவின் இரண்டாம் வருடத்திலிருந்து 30 சதவீதத்துக்குப் பதில் 15 சதவீதம்தான் எடுப்போம் என்று அறிவித்தது. அப்போது அது நல்ல தூண்டில். ஆனால் 2021 ஜனவரி முதல், வருடத்துக்குப் பத்து லட்சம் டாலருக்குள் ஈட்டும் சிறு டெவலப்பர்களின் எல்லா விற்பனைக்குமே ஆப்பிளில் 15 சதவீதம்தான். அந்தத் திட்டத்தில் பதிந்துகொள்ள வேண்டும், அவ்வளவே. கூகுள் பிளேயும் அதே வருடம் ஜூலையில் முதல் பத்து லட்சம் டாலருக்கு 15 சதவீதம் என்று இறங்கியது. ஆகவே கமிஷன் குறையும் என்பதற்காக மட்டும் சந்தாவுக்குப் போகக் காரணம் இல்லை.

## நடுவழி: மென்பொருள் உங்களுடையது, அப்டேட் ஒரு வருடம்

2015 செப்டம்பரில் ஜெட்பிரெய்ன்ஸ் தன் நிரலாக்கக் கருவிகளைச் சந்தாவுக்கு மாற்றுவதாக அறிவித்தது. கட்டணம் நின்றால் கருவியும் நிற்கும் என்பதைக் கேட்டு வாடிக்கையாளர்கள் கொதித்தார்கள். அதே மாதத்தில் நிறுவனம் திட்டத்தைத் திருத்தியது: பன்னிரண்டு மாதம் கட்டியவர், அந்தக் காலத்தின் தொடக்கத்தில் இருந்த வெர்ஷனை என்றென்றைக்கும் வைத்துக்கொள்ளலாம். கோபம் தணிந்தது. மக்களுக்கு எரிச்சல் வந்தது தொடர்ந்து பணம் கொடுப்பதால் மட்டும் இல்லை. கொடுப்பதை நிறுத்தியதும் கையில் இருந்ததைப் பிடுங்கிக்கொள்வதால்.

இந்த எண்ணத்துக்குப் பல வடிவங்கள் இருக்கின்றன. வடிவமைப்புக் கருவியான ஸ்கெட்ச் 2016இல் வாங்கினால் ஒரு வருட அப்டேட் என்ற முறைக்கு வந்தது. பானிக் நிறுவனத்தின் நோவா எடிட்டர் 2020இல் 99 டாலர் விலையோடு வந்தது. அதில் ஒரு வருட அப்டேட் அடக்கம், அதற்குமேல் வேண்டுமானால் வருடத்துக்கு 49. சப்லைம் டெக்ஸ்ட்டின் நான்காம் வெர்ஷன் 2021இல் அதே 99 டாலருக்கு மூன்று வருட அப்டேட் கொடுத்தது. ஆப் ஸ்டோருக்குள் இதைச் செய்யவே முடியாது என்று நினைப்பவர்கள் அஜெண்டா என்ற குறிப்புச் செயலியைப் பார்க்கலாம். பணம் கட்டிய நாளில் இருக்கும் பிரீமியம் வசதிகளும், அடுத்த பன்னிரண்டு மாதத்தில் சேரும் வசதிகளும் கட்டியவருக்கு நிரந்தரம்.

நான் இதை விரும்புவதற்குக் காரணம் நேர்மையாக இருக்கிறது என்பது மட்டும் இல்லை, பணக் கணக்கும் பொருந்துகிறது. முழு விலை முதல் நாளே வருவதால் மேலே பார்த்த பள்ளம் இல்லை. அப்டேட் நன்றாக இருந்தால் புதுப்பிப்பார்கள், இல்லையென்றால் மாட்டார்கள். புதிய வசதிகளைப் பெட்டியில் பூட்டி வைக்கவும் தேவை இல்லை, ஆனவுடன் வெளியிடலாம். ஒரு வருடம் உடல்நிலை சரியில்லாமல் போய் எதுவும் செய்ய முடியவில்லை என்றால் யாருக்கும் கடன்பட்டிருக்க மாட்டீர்கள். அந்த வருடம் வருமானம் குறையும், அவ்வளவுதான்.

தொல்லைகளும் இருக்கின்றன. புதுப்பித்தல் தானாக நடக்காது, ஒவ்வொருவரும் நினைத்து வந்து கட்ட வேண்டும். அதனால் தானாகப் புதுப்பிக்கும் சந்தாவைவிடக் கட்டுபவர்கள் குறைவாகவே இருப்பார்கள். வாடிக்கையாளர்கள் பத்து விதமான வெர்ஷனில் இருப்பார்கள். ஒவ்வொரு பக் கடிதத்துக்கும் முதலில் எந்த வெர்ஷன் என்று கேட்டாக வேண்டும். யார் உரிமம் எந்தத் தேதி வரை என்று சரிபார்க்கும் அமைப்பை நீங்களே எழுத வேண்டும். பாதுகாப்பு ஓட்டை ஒன்று கண்டுபிடிக்கப்பட்டால், காலாவதியானவர்களுக்கும் இலவசமாகத் திருத்தம் கொடுப்பதா? கொடுத்தே ஆக வேண்டும் என்பது என் கருத்து. அதை முன்பே உரிமத்தில் எழுதிவிடுங்கள். பின்னால் தகராறு வராது.

இதன் தங்கை என்று ஒரு முறையைச் சொல்லலாம்: செயலிக்கு ஒரு விலை, சர்வர் வேலைக்கு மட்டும் சந்தா. குறிப்பெடுக்கும் ஆப்சிடியன் செயலியே இலவசம். சாதனங்களுக்கிடையே ஒத்திசைக்கவும் குறிப்புகளை இணையத்தில் வெளியிடவும் சந்தா. சர்வர் ஓடுவதால் பணம் கேட்கிறார்கள் என்பது யாருக்கும் விளக்காமலே புரிகிறது. ஏஐ வசதி சேர்த்த செயலிகளுக்கு இது பொருத்தமான பிரிப்பு. பயனர் ஏஐ சேவையிடம் நேரடியாக வாங்கிய தன் சொந்த ஏபிஐ சாவியைப் போட்டுக்கொள்ளலாம் என்றும் ஒரு வழி வைத்தால் இன்னும் நல்லது.

## மூன்றையும் பக்கத்தில் வைத்தால்

| அளவுகோல் | ஒருமுறை விலை | சந்தா | நடுவழி |
|---|---|---|---|
| தொடரும் சர்வர் செலவு | தாங்காது | தாங்கும் | சர்வர் பகுதியைத் தனியே பிரித்தால் தாங்கும் |
| முதல் இரண்டு வருட வரவு | நல்லது | மெலிவு | நல்லது |
| புதியவர் வராமல் போனால் | உடனே வறட்சி | மெதுவாகக் குறையும் | புதுப்பிப்பவர்கள் அளவுக்கு வரும் |
| எப்போதாவது பயன்படும் கருவி | பொருந்தும் | பொருந்தாது | ஓரளவு |
| ஆப் ஸ்டோரில் நடத்துவது | எளிது, அப்கிரேடு விலை இல்லை | மிக எளிது | வளைத்துத்தான் செய்ய வேண்டும் |
| நீங்கள் நிறுத்தினால் | கடன் குறைவு | ரீஃபண்ட், கோபம் | கடன் குறைவு |
| விளக்க ஆகும் நேரம் | ஒரு வரி | ஒரு வரி | ஒரு பத்தி |

கடைசி வரிசையை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். விலைப் பக்கத்தில் ஒரு பத்தி படித்தால்தான் புரியும் என்றால் அங்கேயே சிலர் போய்விடுவார்கள். நடுவழியை எடுப்பவர்கள் மென்பொருளுக்கு அடுத்தபடியாகக் கவனமாக எழுத வேண்டியது அந்தப் பத்தியைத்தான்.

## எந்த நிலையில் எது

டெஸ்க்டாப் கருவி, சொந்தத் தளத்தில் விற்பனை, வாங்குபவர்கள் தொழில்முறையாளர்கள் என்றால் நடுவழி. இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

சர்வர் இல்லாவிட்டால் பொருளே இல்லை என்றால் சந்தா. ஒருமுறை விலையில் அதை விற்பது கட்டுப்படியாகாது. கடைசியில் சர்வரை மூடி, வாங்கியவர்களின் சாபத்தையும் வாங்கிக்கொள்வதில்தான் முடியும்.

ஃபோனில் ஓடும் சிறு செயலி, ஒரே ஒரு வேலையைச் செய்கிறது என்றால் ஒருமுறை விலை. ஆப் ஸ்டோரில் நடுவழியை நடத்தும் சிக்கல் அதற்குத் தகாது.

நிறுவனங்களுக்கு விற்பவர்களுக்குச் சந்தாவோ வருடப் புதுப்பித்தலோ கூச்சமே வேண்டாம். அவர்களே வருடத் திட்டத்தில்தான் செலவு ஒதுக்குகிறார்கள். அடுத்த வருடமும் சப்போர்ட் கிடைக்கும் என்ற உறுதியைத்தான் அவர்கள் முதலில் கேட்பார்கள்.

சந்தாச் செயலியில் வாழ்நாள் உரிமமும் வைக்கலாமா என்ற கேள்வி எப்போதும் வரும். சர்வர் செலவு இல்லையென்றால் வைக்கலாம். சந்தாவை வெறுப்பவர்கள் அந்தக் கதவு வழியாக வருவார்கள். வருடச் சந்தாவின் மூன்று மடங்குக்குக் குறையாமல் விலை வையுங்கள். சர்வர் செலவு இருந்தால் வேண்டவே வேண்டாம். தள்ளுபடி விற்பனையில் நூற்றுக்கணக்கான வாழ்நாள் உரிமங்களை விற்றுக் கிடைக்கும் பணம் அந்த மாதம் இனிக்கும். அவர்களுக்கான சர்வர் பில் அடுத்த வருடமும் வரும், அதற்கடுத்த வருடமும் வரும்.

## ஏற்கெனவே விற்றுக்கொண்டிருப்பவர் மாறுவது

சந்தாவிலிருந்து ஒருமுறை விலைக்கு மாறினால் யாரும் கோபிக்க மாட்டார்கள். எதிர்த்திசையில் போவதுதான் கடினம். ஆப் ஸ்டோர் விதியே இதைச் சொல்கிறது: இருக்கும் செயலியைச் சந்தாவுக்கு மாற்றினால், பழையவர்கள் ஏற்கெனவே பணம் கொடுத்து வாங்கிய முக்கிய வசதிகளைப் பறிக்கக்கூடாது. விதி இல்லாவிட்டாலும் இதைத்தான் செய்ய வேண்டும்.

நடைமுறையில் இப்படிச் செய்யலாம். பழைய வெர்ஷன் யாரிடம் இருக்கிறதோ அவரிடமே இருக்கட்டும். பதிவிறக்கும் இணைப்பும் உரிமச் சரிபார்ப்பும் உயிரோடு இருக்கட்டும். புதிய வசதிகளை மட்டும் புதிய முறைக்குள் வையுங்கள். சமீபத்தில் வாங்கியவர்கள்தான் அதிகம் நொந்துபோவார்கள் என்பதால், கடைசி ஆறு மாதத்தில் வாங்கியவர்களுக்கு முதல் வருடத்தை இலவசமாகக் கொடுத்துவிடுங்கள். அறிவிப்பை மாற்றம் நடக்கும் நாளில் எழுதாமல் ஒன்றிரண்டு மாதம் முன்பே எழுதுங்கள். அதில் பயனர்களுக்கு நல்லது செய்வதற்காக மாறுகிறோம் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். இத்தனை பேர் பயன்படுத்துகிறார்கள், மாதம் இவ்வளவு வருகிறது, இவ்வளவு போகிறது என்று உண்மைக் கணக்கைப் போடுங்கள். பணம் கொடுத்து வாங்கியவர்கள் கணக்குத் தெரிந்தவர்கள். விலை ஏறுவதைப் பொறுத்துக்கொள்வார்கள், சுற்றி வளைத்துப் பேசுவதைப் பொறுத்துக்கொள்ள மாட்டார்கள்.